ஒன்றரைக் கட்டை

அன்று காலை சிகாகோவில், அந்த ஓட்டலின் ஒன்பதாம் மாடி அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர். கெரிட் வெல்ட்காம்ப், மிச்சிகனில் தங்கள் ஊர்த் தேவாலயத்தில் வெகுகாலமாக ஆர்கன் வாசிப்பவர். அவருடைய மகள் கோரா, பள்ளி இறுதி வகுப்பு மாணவி. இசை நாடகம் படிக்கக் கல்லூரியில் இடம் கேட்டுப் பாட வந்தவள். கெரிட்டின் தமக்கை வில்மா, பெண்பிள்ளையைப் பெரியவர் துணையில்லாமல் மேடைக்கு அனுப்பக் கூடாது என்று, யாரும் அழைக்காமலே காரில் ஏறி வந்தவர். கோராவின் தாய் மருத்துவமனை வேலையை விட்டு வர முடியவில்லை. வேறு எவரும் அந்த அறையில் இல்லை. இருந்ததுபோலப் பின்னால் பேசித் திரிந்தவர்கள் அதன் கதவைக்கூடப் பார்த்ததில்லை.

கோரா: ...முடியாதுப்பா. படகுப் பாட்டுதான்.

கெரிட்: அதைத் தவிர எது வேணும்னாலும் பாடு. தையல்காரி பாட்டு இருக்கு. சலவைக்காரி பாட்டு இருக்கு...

கோரா: தையல்காரி பாட்டுதான் முதல்ல பாடறேனே! வேகமா ஒண்ணு, நிதானமா ஒண்ணு கேக்கறாங்க. நிதானத்துக்குப் படகுப் பாட்டு. ஆறு மாசமா இதைத்தானே பாடிட்டிருக்கோம்? இன்னைக்குக் காலையில என்ன திடீர்னு?

கெரிட்: திடீர்னு இல்ல. யோசிச்சுப் பாத்தேன்.

கோரா: எப்ப? முட்டை சாப்பிடும்போதா?

வில்மா: அப்பாகிட்ட பேசற பேச்சா இது? ஆமா, அந்தப் பாட்டுல ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு அவ்வளவு பெரிசா யாரைக் கூப்பிடறா அவ?

கோரா: படகுக்காரரை அத்தை. அம்மாவுக்கு உடம்பு முடியல, டாக்டர் அக்கரையில இருக்கார்.

வில்மா: அப்ப சரி. நான் காதலனோன்னு பயந்தேன்.

கோரா: காதலன் வர்றது சலவைக்காரி பாட்டுல.

வில்மா: அப்ப அது வேண்டாம்.

கெரிட்: அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரேன்! கோரா, சலவைக்காரி பாட்டு அடக்கமான பாட்டும்மா. உன் குரலுக்குப் பாந்தமா இருக்கும். ரொம்ப மேல போகவே போகாது...

கோரா: அதனாலதான் வேணாங்கறேன். மேசைக்குப் பின்னால இருக்கறவங்க காலையிலேருந்து அடக்கமான பாட்டா கேட்டுத் தூங்கி வழிஞ்சிட்டிருப்பாங்க. எனக்குக் கிடைக்கறது ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள அவங்க தலை நிமிரணும்.

கெரிட்: இந்த மாடியிலேயே மூணு பேர் படகுப் பாட்டு பாடிக் கேட்டேன். எல்லாரும் பாடற பாட்டைப் பாடினா...

கோரா: யாரு? எந்த அறை?

கெரிட்: அதோ... அந்தப் பக்கம்.

கோரா: அப்பா, அந்தப் பாட்டு வர்ற நாடகத்தை மொத்தமே நாலு ஊர்ல போட்டிருப்பாங்க. அந்த இசைத் தாளைக் கண்டுபிடிக்க நீங்க பழைய புத்தகக் கடை கடையா அலைஞ்சீங்க. மூணு பேர் பாடறாங்களாம்!

கெரிட்: ...அப்ப வேற பாட்டா இருக்கும்.

வில்மா: இங்க எது பாட்டு, எது பேச்சுன்னே தெரியல. லிஃப்டுல ஒரு பொண்ணு என்னைப் பாத்து வாயைத் திறந்தா. வணக்கம் சொல்லப் போறான்னு நானும் சிரிச்சேன். 'மீ... மீ... மீ...'ன்னு இழுத்துட்டு இறங்கிப் போயிட்டா.

கோரா: குரலைப் பதமாக்கறா அத்தை.

வில்மா: பின்னாலயே ஒருத்தி அழுதுட்டு வந்தா. அவ என்ன பதமாக்கினாளோ. இந்தா, ஒரு புதினா மிட்டாய் போட்டுக்கோ.

கோரா: புதினா தொண்டையை வறட்டும் அத்தை.

வில்மா: பிரசங்கம் முடியற வரைக்கும் இதைத்தான் வாயில அடக்கிட்டு உக்காந்திருப்போம். நம்ம வீட்டுல யாருக்கும் தொண்டை வறண்டதில்ல.

கெரிட்: தொண்டை! அதைத்தான் சொல்ல வந்தேன். வெளியில பனிக்காத்து. உள்ள சூடு போட்டுக் காத்தெல்லாம் காஞ்சு கிடக்கு. இந்த நிலைமையில அவ்வளவு உச்சத்துக்குப் போறது...

கோரா: அப்பா. என் தொண்டை நல்லா இருக்கு.

வில்மா: ஏன்டா அவளை அரட்டிட்டே இருக்கே? கீழ நடனக் கூடத்துல பெரிய பியானோ ஒண்ணு இருக்கு. ஏன் இந்த மின்சாரப் பியானோப் பெட்டியைக் காருல கட்டித் தூக்கிட்டு வந்தோம்னே எனக்குப் புரியல. மூணு பேரும் போய் அதுல ஒரு தடவை பாடிப் பாத்துடலாம், சந்தேகம் தீந்துரும்.

கெரிட்: வேணாம்!

கோரா: வேணாம் அத்தை!

வில்மா: அடேயப்பா. இப்ப மட்டும் ரெண்டு பேரும் ஒரே குரல்.

கெரிட்: அது... அதை நான் காலையிலேயே தொட்டுப் பாத்துட்டேன். சுருதி இறங்கிக் கிடக்கு. ஓட்டல்காரங்க எங்க கவனிக்கறாங்க?

வில்மா: கிறிஸ்துமஸுக்கு நம்ம ஆர்கனும் இறங்கிடுச்சுன்னு சொன்னியே.

கெரிட்: ஆமா. சுருதி சேக்க வந்தவன் எல்லாம் சரியா இருக்குன்னு கையை விரிச்சுட்டுப் போனான். எனக்கு வந்த கோபம்...

வில்மா: போதகர்கூட அவன் பேச்சைக் கேட்டார். நான் விடுவேனா? 'வெல்ட்காம்ப் வீட்டுக் காதுல தப்புன்னு பட்டா அது தப்புதான், அந்த ஆளுக்குக் காது எங்க இருக்கு?'ன்னு முகத்துக்கு நேரா கேட்டேன்.

கோரா: ...நான் போய் ஆவி பிடிச்சுட்டு வரேன். வெந்நீரைத் திறந்துவிட்டு உள்ளயே உக்காந்திருப்பேன். யாரும் கதவைத் தட்டாதீங்க.

*

வில்மா: கதவு சாத்திட்டாளா?

கெரிட்: சாத்திட்டா.

வில்மா: இப்பச் சொல்லு. என்ன ஒளிக்கறே?

கெரிட்: ஒண்ணுமில்லையே.

வில்மா: கெரிட். நீ நடைபழகினதிலேருந்து உன்னைப் பாக்கறேன். பொய் சொன்னா உன் கழுத்துதான் முதல்ல சிவக்கும்.

கெரிட்: ...அவளால அந்தச் சுரத்தைத் தொட முடியாது அக்கா.

வில்மா: எந்தச் சுரம்?

கெரிட்: படகுப் பாட்டுக் கடைசில. 'ஓ...'ன்னு கூப்பிட்டு நிறுத்தறாளே, அது. ஆகஸ்ட்ல காய்ச்சல்ல கிடந்தாளே, அதுக்கப்புறம் வரல.

வில்மா: உளறாதே. உங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசல்லேருந்தே கேக்குதே. கணீர்னு நிக்குது.

கெரிட்: அது அந்தச் சுரம் இல்ல.

வில்மா: பின்ன?

கெரிட்: காய்ச்சல் விட்டதும் நம்ம ஊர் டிர்க் பையன் கல்யாணத்துல பாடினா, ஞாபகம் இருக்கா? அத்தனை பேர் நடுவுல குரல் உடைஞ்சு... வீட்டுக்கு வந்து படுத்தவ எழுந்திருக்கவே இல்ல. கல்லூரி வேணாம், பாட்டு வேணாம், ஒண்ணும் வேணாம்னுட்டா. பயந்துட்டேன் அக்கா. அவ முகத்தைப் பாத்து நிஜமாவே பயந்துட்டேன்.

வில்மா: அதுக்கு?

கெரிட்: இந்த மின் பியானோவுல சுருதி மாத்தற பொத்தான் ஒண்ணு இருக்கு. ஒரு வாரம் கழிச்சு அதை மூணு தடவை அமுக்கினேன், தடவைக்கு அரைக் கட்டை. நான் அதே கட்டைகளைத்தான் வாசிப்பேன். சத்தம் மட்டும் ஒன்றரைக் கட்டை கீழ வரும். பாக்கறவங்களுக்குத் தெரியாது. 'ஒரே ஒரு தடவை பாடும்மா'ன்னு கெஞ்சினேன். பாடினா. தொட்டுட்டா! 'அப்பா, வந்துருச்சு'ன்னு கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா. அப்ப எப்படிச் சொல்றது? நீயா இருந்தா சொல்லியிருப்பியா?

வில்மா: சொல்லியிருப்பேன்.

கெரிட்: ...ஆமா. நீ சொல்லியிருப்பே.

வில்மா: அவளுக்குத் தெரியாமப் போச்சா? கண்ணு இல்லையா அவளுக்கு?

கெரிட்: எண் தெரியற சின்ன ஜன்னல் மேல கறுப்பு டேப் ஒட்டிட்டேன். வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னு சொன்னேன். பழைய பெட்டி, அணைச்சாலும் வெச்ச இடத்துலயே நிக்கும். கொஞ்சம் கொஞ்சமா அரைக் கட்டை, அரைக் கட்டையா ஏத்திடலாம்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு வாரமும் நெனச்சேன். கை வரல.

வில்மா: ஆறு மாசமா.

கெரிட்: கல்லூரிக்கு முதல்ல படம் பிடிச்சு அனுப்பினதும் அப்படித்தான். அதைப் பாத்துட்டுத்தான் நேர்ல வரச் சொல்லியிருக்காங்க.

வில்மா: இன்னைக்கு உள்ள வாசிக்கப் போறது நீ இல்லையே.

கெரிட்: இல்ல. அவங்க பியானோக்காரர். தாள்ல எழுதியிருக்கற சுருதியில வாசிப்பார். அவ நம்பிக்கையா வாயைத் திறப்பா... ஒன்றரைக் கட்டை அக்கா! சுவத்துல போய் மோதற மாதிரி.

வில்மா: மெதுவா பேசு.

கெரிட்: கல்யாண வீட்டுல உடைஞ்சதுக்கே ஒரு வாரம் எழுந்திருக்கல. இங்க உடைஞ்சா...

வில்மா: அந்த ஆளை இறக்கி வாசிக்கச் சொன்னா?

கெரிட்: அங்க போய் நின்னுக்கிட்டு அப்படிக் கேக்கக் கூடாது. பாட வர்றவங்களுக்குச் சொல்லித் தர்ற முதல் விதியே அதுதான். தாளைச் சரியா எழுதிக் கொண்டுபோகத் தெரியாத பொண்ணுன்னு அங்கேயே கதை முடிஞ்சுரும்.

வில்மா: முடியணும். நம்ம வீட்டுல யாரும் சுருதி இறக்கிப் பாடினதில்ல. நம்ம அப்பா எண்பது வயசுலயும் எழுதின சுருதியிலதான் தேவாலயத்துல சங்கீதம் பாடினார். சாகறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைகூட.

கெரிட்: இப்ப அதுவா முக்கியம்?

வில்மா: எனக்கு அதுதான் முக்கியம். பொத்தானை அமுக்கி வாங்கற பேர் நமக்கு எதுக்கு?

கெரிட்: அக்கா, திட்டறதை ஊருக்குப் போற வழியில திட்டு. இப்ப என்ன பண்றது? அவளைக் கூப்பிட இன்னும் அரைமணி கூட இல்ல.

வில்மா: ...பாட்டை மாத்தணும். அவ்வளவுதான். நான் சொல்றேன், நீ தலையாட்டு. பொத்தான் பேச்சு இப்ப வேண்டாம். உள்ள போற நேரத்துல அதைக் கேட்டா அவளுக்குத் தையல்காரி பாட்டும் வராது. தண்ணியை நிறுத்திட்டா. மூக்கைத் துடை.

*

கோரா: என்ன, ரெண்டு பேரும் வரிசையா நிக்கறீங்க?

வில்மா: கோரா, நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். நீ சலவைக்காரி பாட்டையே பாடிடு.

கோரா: அதுல காதலன் வர்றானே அத்தை?

வில்மா: வந்துட்டுப் போகட்டும்.

கோரா: சோப்பு நுரைக்கு நடுவுல முத்தம்கூடக் குடுப்பான்.

வில்மா: ...குடுத்துட்டுப் போகட்டும்.

கோரா: அத்தை, உங்களுக்கு உடம்பு சரியா இருக்கா? அப்பா, அத்தைகிட்ட என்ன சொன்னீங்க?

கெரிட்: நான் ஒண்ணும் சொல்லல.

வில்மா: அவன் ஒண்ணும் சொல்லல. நானேதான் யோசிச்சேன். படகுப் பாட்டு ஒரே கத்தலா இருக்கு. குடும்பப் பொண்ணு அப்படிக் கத்தக் கூடாது.

கோரா: அம்மா சாகக் கிடக்கும்போது குடும்பப் பொண்ணு எப்படிக் கூப்பிடணும், சொல்லுங்க. சீட்டு எழுதி அனுப்பணுமா?

வில்மா: வாய்! இந்த வாயை இவ எங்கேருந்து வாங்கினா?

கெரிட்: உன்கிட்டேருந்துதான்.

வில்மா: நீ தலையை மட்டும் ஆட்டு.

கெரிட்: கோராம்மா... அப்பாவுக்காக. ஒரே ஒரு தடவை. ஏன் எதுக்குன்னு கேக்காம மாத்திடு.

கோரா: அந்தப் பாட்டை என்னால பாட முடியும்ப்பா. ஏன் நம்ப மாட்டேங்கறீங்க?

கெரிட்: நம்பாம இல்ல... ஒண்ணு சொல்லணும். இந்தப் பியானோ... இதுல ஒரு...

கோரா: என் கறுப்புக் காலணி எங்க? அத்தை, கட்டிலுக்கு அடியில பாருங்க! நேரமாயிடுச்சு!

வில்மா: உன் கால்லதான் போட்டிருக்கே.

கோரா: ...ஓ. ஆமா. சரி, கிளம்பலாம்.

கெரிட்: என்னம்மா, போட்டிருக்கற காலணியையே தேடறே?

கோரா: பயம்தான். எல்லாருக்கும் இருக்கறதுதான். லிஃப்டுல அந்த 'மீ மீ' பொண்ணு இருந்தா நான் படியில இறங்கிடுவேன்.

*

கெரிட்: இதுதான் அறையா? எவ்வளவு பேர்... எல்லாருக்கும் எங்க போய் இடம் குடுப்பாங்க?

வில்மா: நிமிந்து நில்லு கோரா. நீங்க எந்த ஊர்னு கேட்டா சத்தமா சொல்லு.

கோரா: அடுத்தது நான்தான்.

கெரிட்: கோரா, கேளு. கடைசிச் சுரம் வரும்போது... வரலன்னு தோணிச்சுன்னா விட்டுடு. கீழ இறங்கிப் பேசற மாதிரி முடிச்சுடு. நடிப்புன்னு நெனச்சுக்குவாங்க. இல்ல... இல்ல, அது வேணாம், உண்மையையே சொல்லிடறேன். அந்தப் பொத்தானை நான்...

கோரா: அப்பா, இப்ப எதுவும் சொல்லாதீங்க. தயவுசெஞ்சு. எதுவா இருந்தாலும் அப்புறம். கதவு திறக்குது. நான் போறேன்.

கெரிட்: கோரா!

வில்மா: விடுடா. போயிட்டா.

கெரிட்: நான் ஒரு கோழை அக்கா.

வில்மா: அதை அப்புறம் பேசலாம். கதவுகிட்ட வா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எல்லாரும் அப்படித்தான் நிக்கறாங்க. ...ஆரம்பிச்சுட்டா. தையல்காரிதானே இது?

கெரிட்: ஆமா. மேயர் இடுப்பை அளக்க நூல் பத்தலைங்கற இடம்.

வில்மா: சிரிக்கறாங்க! உள்ள சிரிக்கறாங்க கெரிட்.

கெரிட்: இப்ப சிரிக்கட்டும். அடுத்ததுல... கடவுளே.

வில்மா: கையை விடுடா. எலும்பு நொறுங்குது.

கெரிட்: இரு. பேசறாங்க. அவ பியானோக்காரர்கிட்டப் போய் வேகம் சொல்றா... மெல்லப் பாடிக் காட்டறா... ஆரம்பிச்சுட்டார்.

வில்மா: என்ன? ஏன் இப்படி முழிக்கறே?

கெரிட்: அக்கா... இறக்கி வாசிக்கறார்!

வில்மா: என்னது?

கெரிட்: கீழதான் வாசிக்கறார்! ஒன்றரைக் கட்டை... நம்ம வீட்டுல கேக்கற மாதிரியே, அச்சு அசல் அதேதான். என் காதுக்குத் தெரியாதா? என்னமோ பண்ணிட்டா பொண்ணு! கேட்டிருக்கா!

வில்மா: எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு.

கெரிட்: ஷ்... வருது. இதோ... இதோ... தொட்டுட்டா! நிக்குது... நிக்குது... அக்கா, அசையாம நிக்குது!

வில்மா: ...ம். நிக்குது.

கெரிட்: பிழைச்சோம்.

வில்மா: இறக்கிக் கேட்டு வாங்கினாளா? அதுவும் அத்தனை பேர் முன்னால? இதுக்கு உடைஞ்சிருக்கலாம்.

கெரிட்: உனக்கு ஈரமே கிடையாதா?

*

கெரிட்: கோரா! என் தங்கம்! வா, வா. என்ன சொன்னாங்க?

கோரா: ஒண்ணும் சொல்லல. நன்றின்னாங்க. அப்புறம், கல்லூரியைப் பாக்க எப்ப வர முடியும்னு கேட்டாங்க.

கெரிட்: கேட்டாங்களா! அவங்களேவா? ...கோரா, அந்தப் பியானோக்காரர்... இறக்கி வாசிச்சார் இல்லையா? ஒன்றரைக் கட்டை. நான் வெளியிலேருந்தே கண்டுபிடிச்சுட்டேன்.

கோரா: ...ஆமாம்ப்பா. இறக்கித்தான் வாசிச்சார்.

கெரிட்: நீயா கேட்டே?

கோரா: அவரே... தொண்டை வறண்டிருக்கான்னு கேட்டார்.

கெரிட்: தங்கமான மனுஷன்! கேட்டியா அக்கா? சிவப்புக் கோட்டு அம்மா, நீங்க கேட்டீங்களா? என் பொண்ணுக்கு ஒன்றரைக் கட்டை இறக்கி வாசிச்சுக் குடுத்தாங்களாம்! அங்கேயே நின்னுக்கிட்டு, தாளைப் பாத்தபடியே! இந்த மாதிரி நல்லவங்களும்...

வில்மா: கெரிட்! நடு வழியில நின்னு தம்பட்டம் அடிக்காதே!

கோரா: அப்பா, காரை எடுத்துட்டு வாங்க. பனி ஏறிட்டே இருக்கு, ஊர் போய்ச் சேரணும்.

கெரிட்: இதோ. இதோ போறேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் கோரா. இனிமே பயமில்ல, வழியில சொல்றேன்.

*

வில்மா: உங்கப்பா யார்கிட்டச் சொன்னான் தெரியுமா? அந்தச் சிவப்புக் கோட்டுக்காரி நம்ம பக்கத்து ஊர். அவ பொண்ணு உள்ள போயிட்டு அழுதுட்டு வந்திருக்கா. நீ ஆளைக் கெஞ்சிச் சுருதி இறக்கிப் பாடினேன்னு அவ இப்பவே நாலு பேர்கிட்டச் சொல்லிட்டிருக்கா. ஞாயித்துக்கிழமைக்குள்ள நம்ம தேவாலயத்துக்கு வந்துரும்.

கோரா: வரட்டும் அத்தை.

வில்மா: வரட்டுமா? நான் அந்தப் பெஞ்சுல எப்படி நிமிந்து உக்காருவேன்? அந்த டேப், பொத்தான் எல்லாத்தையும் கெரிட் என்கிட்டச் சொல்லிட்டான். அவன் பண்ணினது தப்பு. அது உனக்குத் தெரியாது, உன்மேல குத்தமில்ல. ஆனா இன்னைக்கு நீ செஞ்சது...

கோரா: எனக்குத் தெரியும்.

வில்மா: எது?

கோரா: பள்ளிக்கூடப் பியானோவுல பாடிப் பாத்தேன், எட்டல. வீட்டுக்கு வந்து டேப்பைப் பிரிச்சேன். அன்னைக்கே தெரியும்.

வில்மா: அப்பாகிட்ட ஏன் சொல்லல?

கோரா: அப்பா கார்ல ஏறிட்டாரா, பாருங்க.

வில்மா: ஏறல. கண்ணாடியில பனியைச் சுரண்டிட்டிருக்கான். சிரிச்சுக்கிட்டே சுரண்டறான், பைத்தியக்காரன். அவனை விடு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஊர்ல என்னைக் கேப்பாங்க. கெஞ்சி இறக்கிப் பாடினேன்னு சொல்றாங்களே, அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?

கோரா: பொய்னு சொல்லுங்க. யாரும் இறக்கல அத்தை, தாள்ல எழுதின சுருதியிலதான் வாசிச்சார், அதுலதான் பாடினேன். தினமும் பள்ளிக்கூடத்துல பழகி அந்தச் சுரத்தைத் திரும்பக் கொண்டுவந்துட்டு, நவம்பர்லயே வீட்டுப் பொத்தானை நான் பழைய இடத்துக்கு மாத்திட்டேன். அப்பா முதல் கட்டையைத் தொட்டதுமே கண்டுபிடிச்சுக் குதிப்பார்னு காத்துட்டே இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு ஆர்கனும் சரியாத்தான் இருந்துச்சு, அவர் காதுக்குத் தெரியவே இல்ல.